நடுப்பாத்தி ஹாரன்

சங்குமேட்டு உப்பளத்தில் கங்காணி தவசிமுத்து தன்னுடைய மோட்டார் சைக்கிள் ஹாரனை அமுக்கினால், சத்தம் வண்டியிலிருந்து வராமல், அரை மைல் தள்ளிப் பாத்திக்குள் கணுக்கால் உப்புத்தண்ணீரில் நின்று உப்பு வாரப் பலகை இழுத்துக்கொண்டிருந்த அருள்கனியின் வாயிலிருந்து வர ஆரம்பித்தது ஒரு மாசி மாசத்துச் செவ்வாய்க்கிழமை. செவ்வாயா புதனா என்பதில் ஊருக்குள் இன்றைக்கும் சண்டை உண்டு. மற்றபடி அப்படி ஒன்று நடந்ததா என்று சங்குமேட்டில் எவரும் எவரையும் கேட்டதில்லை, கேட்டால் கேட்டவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

முதல் 'பாம்' வந்தபோது பக்கத்துப் பாத்திப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது வந்தபோது ஒருத்தி, "ஏட்டி, கொஞ்சம் தண்ணி குடி" என்றாள். மூன்றாவது வந்து, ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் கங்காணியின் வண்டி கரைமேல் ஏறி வந்து நிற்கவும், "அட, இது அவரு ஹாரன்லா" என்று அவர்களுக்கே விளங்கிப்போயிற்று. தவசிமுத்துவுக்குக் கை சும்மா இருக்காது. வளைவு வந்தால் அமுக்குவார், நாய் வந்தால் அமுக்குவார், ஒன்றுமே வராவிட்டால் ஒன்றையும் காணோமே என்று அமுக்குவார். ஆக ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை, சோறு தின்னும்போதும், செபம் சொல்லும்போதும், பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடும்போதும், அருள்கனியின் வாய் தானாகத் திறந்து 'பாம்' என்று அலறிவிட்டுத் தானாக மூடிக்கொண்டது.

வண்டி ரிப்பேருக்கு வந்தது சூசைமிக்கேலிடம். அந்தோணியார் கோயிலுக்கு எதிரே மோட்டார் சைக்கிள் வயரிங் கடை அவருடையது. வயசு ஐம்பத்தொன்று, கண்ணில் தடித்த கண்ணாடி, வலது கட்டைவிரலில் ஈயம் பற்றவைக்கும் கம்பி சுட்டுச்சுட்டுத் தோல் காய்த்துப்போன மனுசர். வண்டி எதுவானாலும், கோளாறு எதுவானாலும், அவர் வாயில் முதலில் வருகிற சொல் ஒன்றுதான். "உப்பு." சங்குமேட்டில் அது பொய்யும் இல்லை. காற்றில் உப்பு, சுவரில் உப்பு, காயப்போட்ட சட்டையில் உப்பு. புது வயரின் செம்பு ஆறே மாசத்தில் பச்சை பூத்து மாவாக உதிரும். கனெக்டரைக் கழற்றி, சுரண்டி, வாசலைன் தடவி மாட்டினால் நூறு வண்டியில் தொண்ணூறு வண்டி ஓடிவிடும், மிச்சம் பத்தும் அடுத்த தடவை சுரண்டும்போது ஓடிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் மனுசர் முப்பது வருசமாகப் பிழைத்தார், அந்தப் பழக்கத்தில்தான் இந்த வண்டியிடம் வசமாக மாட்டிக்கொண்டார்.

அது எழுபத்தொன்பதாம் வருசத்து வண்டி. தவசிமுத்துவுக்கு மாமனார் சீதனமாகக் கொடுத்தது. "என்னவே இது, ஹாரன் அடிக்காத கங்காணிய எவன் மதிப்பான்? ஒழுங்கா சரி பண்ணி வையும்" என்று சனிக்கிழமை சாயங்காலம் விட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சூசை சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். சாவியைப் போட்டு, ஹாரனுக்கு வருகிற வயரில் செக்கிங் பல்பை வைத்தால் பல்பு எரிந்தது. ஹாரனைக் கழற்றி நேரே பேட்டரியில் தொட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. சுவிட்சைப் பிரித்தார், சுரண்டினார், துடைத்தார். எர்த் வயரைப் பார்த்தார், அதுவும் பழுதில்லை. தனித்தனியாக எல்லாம் சுத்தம். சேர்த்து மாட்டிப் பட்டனை அமுக்கினால் ஊமை.

ஆனால் அமுக்கும்போதெல்லாம் கிழக்கே எங்கேயோ ஒரு 'பாம்' கேட்டது. சூசை தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடி அமுக்கினார். மறுபடி 'பாம்'. மூன்று குட்டையாக, ஒன்று நீளமாக அமுக்கிப் பார்த்தார். கிழக்கேயும் மூன்று குட்டை, ஒன்று நீளம். அவருக்குப் பயமெல்லாம் வரவில்லை, நாக்கில் எச்சில் ஊறியது. முப்பது வருசத்தில் அவர் பார்க்காத கோளாறு ஒன்று கடைக்குள்ளேயே வந்து நிற்கிறதே! வீட்டுக்காரி செசிலியைக் கூப்பிட்டு, "நூறு எண்ணு, ஒருதரம் அமுக்கு. நூறு எண்ணு, ஒருதரம் அமுக்கு. நான் வாற வரைக்கும் நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு, சத்தம் வந்த திசையில் நடந்தார். நூறுக்கு ஒரு சந்து, நூறுக்கு ஒரு சந்தாகத் திரும்பித் திரும்பி, கடைசியில் ஓலைக்கீற்று வேய்ந்த ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே அருள்கனி பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருசன் தங்குகடலுக்குப் போகிறவன், எட்டு நாளைக்கு ஒருமுறைதான் கரை ஏறுவான்.

"வண்டி உங்க கடையிலயா அண்ணே நிக்கி?" என்றாள் அவள், ஆச்சரியமே இல்லாமல். "அதான் காலையிலருந்து ஓயாம வரு..." சொல்லி முடிப்பதற்குள் செசிலி நூறு எண்ணி முடித்துவிட்டாள்.

'பாம்!'

மடியிலிருந்த ஜெனோவா, ஏழு மாசப் பிள்ளை, கஞ்சியைத் துப்பிவிட்டு வீறிட்டு அழுதது.

சங்குமேடு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், வீட்டுக்குள் புதிதாக ஒரு கடிகாரம் வந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான். பங்குச்சாமி இரண்டு ஞாயிறு தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். மூன்றாம் ஞாயிறு, நற்கருணை வாங்க அவள் வாயைத் திறக்கிற நேரம் 'பாம்' வந்து சாமியார் அப்பத்தோடு ஓரடி பின்வாங்கவும், அதிலிருந்து அவளுக்கு வரிசையில் கடைசி இடம் என்று ஆயிற்று. டீக்கடைக்காரர் அவளுக்குச் சுக்குக் காப்பி சும்மா கொடுத்தார். ஆனால் உண்மையாகவே கொண்டாடியது உப்பளத்துப் பெண்கள்தான். சத்தம் மெலிசாக வந்தால் கங்காணி தூரத்தில், தடிப்பாக வந்தால் பக்கத்தில், காது அடைக்க வந்தால் கரைமேலேயே வந்துவிட்டார் என்று ஒரு வாரத்துக்குள் அளவெடுத்துவிட்டார்கள். முன்னெல்லாம் அவர் வராத நேரத்திலும் வந்துவிடுவாரோ என்று குனிந்த தலை நிமிராமல் பலகை இழுத்தவர்கள், இப்போது வரப்பில் குந்தி உட்கார்ந்து காலில் வெடிப்புக்கு எண்ணெய் தடவினார்கள், ஊர்க்கதை பேசினார்கள், முறைபோட்டுத் தூங்கக்கூடச் செய்தார்கள். நாலு பக்கமும் கேட்க வேண்டுமென்று அருள்கனியை நடுப்பாத்தியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு நாள் பனங்கற்கண்டு கொண்டுவந்து, "தொண்டையப் பாத்துக்கட்டி, தொண்டைதான் முக்கியம்" என்று கொடுத்தார்கள். கங்காணியிடம் மட்டும் ஒரு குஞ்சும் மூச்சு விடவில்லை, பழைய வண்டியின் பட்பட் இரைச்சலில் அவர் காதுக்கும் அந்தச் சத்தம் எட்டவில்லை. எப்போது போனாலும் முப்பத்துமூன்று பெண்களும் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருப்பதைப் பார்த்துத் தவசிமுத்து, தன்னைப்போல ஆளை வேலை வாங்கத் தெரிந்தவன் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஊர்க்கமிட்டித் தலைவர் கஸ்பார் ஒருநாள் சூசையின் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வே சூசை, அந்த ஹாரனுக்கு ஒண்ணும் அவசரமில்ல. மெதுவாப் பாரும்."

"என்ன கோளாறுன்னே தெரியலியே அண்ணாச்சி."

"தெரியாமலே இருக்கட்டும். அதுல என்ன கெட்டுப்போச்சு? நம்ம பொம்பளைக இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விடுதாளுவ."

சூசைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் வண்டி வரும், தவசிமுத்து "என்னவே ஆச்சு?" என்பார், சூசை "உப்பு" என்பார். பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. ஆனால் உள்ளுக்குள் அந்தக் கோளாறு அவரை அரித்தது. வயரிங்கையே முழுசாக மாற்றிப் பார்த்தார். பட்டனுக்கு வருகிற வயரை வெட்டிவிட்டுப் பார்த்தார். ஹாரனையே கழற்றிச் சட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் பட்டனில் விரல் பட்டால் கிழக்கே 'பாம்' வந்தது. சோறு பிசையும்போதும் இதே யோசனை. "ஹாரனைக் கட்டியிருக்கலாம் நீரு, எதுக்கு என்னயக் கட்டுனீரு?" என்று செசிலி தட்டை நகர்த்தி வைத்தாள். இப்படியே மாசி போய், பங்குனி போய், சித்திரை, வைகாசி, ஆனி போய் ஆடிக்காற்று உப்பை அள்ளிக் கண்ணில் எறிகிற காலமும் வந்துவிட்டது.

அந்த ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, அருள்கனி ஜெனோவாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கங்காணியின் வண்டி அன்றைக்கும் கடையில்தான் நின்றது. வந்தவள் உட்காரவில்லை.

"அண்ணே, சரி பண்ண முடியுமா, முடியாதா? ஒரு வார்த்த சொல்லிருங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி."

"பிள்ளைக்கு நேத்தோட வயசு ஒண்ணு. வாய் வந்துட்டு." ஜெனோவாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "இது யாருட்டி? சொல்லு."

பிள்ளை அம்மாவின் முகத்தை ஆசையாகப் பார்த்தது. இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது.

"பாம்" என்றது.

"எல்லாப் பிள்ளையும் அம்மாங்கும். என் பிள்ளை என்னயப் பாத்து இப்படிச் சொல்லுது. நல்லா முழிச்சிருக்கையில சிரிக்கும், தூங்கையில நான் பக்கத்துல படுத்தா திரும்பிக்கிடும். எப்ப வெடிக்குமோன்னு பயம் அதுக்கு. பெத்தவ வாயப் பாத்து ஒரு பிள்ளை பயப்படலாமா அண்ணே? ஊருக்கெல்லாம் சொகமா இருக்கு. எனக்கு என் வாய் வேணும்."

சூசைக்குச் செருப்பால் அடி வாங்கின மாதிரி இருந்தது. ஐந்து மாசமாக வயரைப் பார்த்தோம், பட்டனைப் பார்த்தோம், இவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தோமா என்று வெட்கமாகிவிட்டது. கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். வண்டிக்காரர்களிடமெல்லாம் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு அவருக்கு. அதைத் தவசிமுத்துவிடம் கேட்டிருந்தார், 'ஒண்ணுமில்லவே, திடீர்னு நின்னுட்டு' என்று பதிலும் வாங்கியிருந்தார். இவளிடம் கேட்கவேயில்லை.

"மொத மொதல்ல நின்னுச்சே, அன்னைக்கு என்ன நடந்துச்சு? அதுக்கு முந்துன நிமிசம் நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

அருள்கனி பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "இத இத்தன நாளா ஒருத்தரும் கேக்கல" என்றாள். பிறகு சொன்னாள்.

உப்பளத்தில் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு நிழல் என்று இருப்பது ஒரே ஒரு ஓலைக் கொட்டகை. வேலைக்கு வருகிற பெண்கள் அதற்குள்தான் சேலையில் தொட்டில் கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் பாத்தியில் இறங்குவார்கள். ஏழு தொட்டில். வெயிலில் சீட்டு சுடும் என்று கங்காணி வண்டியையும் அதற்குள்ளேயே ஏற்றிக் கொண்டுவந்து, தொட்டிலுக்கு அடியில் புகைவிட்டு நிறுத்தி, பெண்களைக் கூப்பிட ஹாரன் அடிப்பார். ஏழு பிள்ளையும் ஒன்றாக அலறும். தினமும் இப்படித்தான். அன்றைக்கு அருள்கனி பால் கொடுத்துவிட்டுத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் வண்டியோடு உள்ளே வரவும், என்ன தைரியமோ, ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாள். அவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, அவள் வாய் மூடுகிற வரைக்கும் ஹாரனிலிருந்து விரலை எடுக்காமல் சிரித்துக்கொண்டே அமுக்கினார். அவள் வாயை மூடினாள். வார்த்தையை விழுங்கினாள். அதுதான் அந்த வண்டியில் ஹாரன் கடைசியாக அடித்தது.

சூசை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'உப்பு' என்று சொல்லவில்லை.

"விழுங்குனதச் சொல்லு பாப்போம், எங்கிட்ட."

அவள் சொன்னாள். சூசை பட்டனை அமுக்கினார். 'பாம்' அவள் வாயிலிருந்துதான் வந்தது. பிள்ளை வீறிட்டது.

"எங்கிட்ட சொல்லி ஆகல தாயி. வயரு எங்க அறுந்துச்சோ அங்கதான் சேக்கணும். அவருட்ட சொல்லணும்."

அருள்கனி வாசல் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். ஆனாலும் போகவில்லை, பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். சூசை கங்காணிக்கு ஆள் அனுப்பினார். கோயில் வாசலில் நின்ற கூட்டம் விசயத்தை மோப்பம் பிடித்துக் கடை முன்னால் வந்து சேர்ந்தது. கஸ்பார் கிட்டத்தில் வந்து தணிவாகச் சொன்னார்.

"யோசிச்சுக்கோம்மா. அவருக்குத் தெரிஞ்சா ஒனக்கு வேலை போவும், மத்தவளுவளுக்கு நிம்மதி போவும்."

"அஞ்சு மாசம் எல்லாருக்கும் குடுத்தாச்சு மாமா" என்றாள் அருள்கனி.

தவசிமுத்து வெள்ளை வேட்டி சரசரக்க வந்தார். "என்னவே, சரியாயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே பட்டனை அமுக்கினார். முழத் தூரத்தில் நின்ற அருள்கனியின் வாய் திறந்து அவர் முகத்துக்கு நேரே 'பாம்' என்றது. அவர் பின்னால் நகர்ந்தார். மறுபடி அமுக்கினார். மறுபடி அவளே. கூட்டத்தில் நின்ற உப்பளத்துப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். எப்போது போனாலும் வேர்க்க விறுவிறுக்க நின்ற முப்பத்துமூன்று பேரும் கங்காணியின் மனசுக்குள் ஒவ்வொருத்தராக உட்கார ஆரம்பித்தார்கள். அவர் காது சிவந்தது.

"அப்ப அஞ்சு மாசமா..."

"வண்டிய வெளிய நிறுத்துங்க" என்றாள் அருள்கனி. குரல் பெரிசாக இல்லை, ஆனால் கடைசி வரைக்கும் வந்தது. "பிள்ளைக தூங்குது."

சூசை குனிந்து பட்டனை அமுக்கினார். வண்டிக்கு முன்னால், ஹாரன் இருக்கிற இடத்திலிருந்தே, ஹாரன் அடித்தது. ஜெனோவா திடுக்கிட்டு வண்டியைப் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. பிறகு மெதுவாகக் கையை நீட்டி, அம்மாவின் உதட்டை விரலால் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தது. அங்கே மூச்சுதான் இருந்தது. சூசை மறுபடி அமுக்கினார், மறுபடி வண்டிதான் அடித்தது, பிள்ளையின் விரல் அம்மாவின் வாய்க்குள்ளேயே இருந்தது. அருள்கனி விரலைக் கடிக்காமல் அழுதாள்.

"நாளையிலருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்" என்றார் தவசிமுத்து. வண்டியை உதைத்து ஏறி, தெரு முழுக்க, கோயிலைச் சுற்றி, கடற்கரை ரோடு வரைக்கும் விரலை எடுக்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை நடுப்பாத்தி காலியாகக் கிடந்தது. அந்தப் பாத்தியில் யாரும் இறங்கவில்லை, இறங்கு என்று கங்காணியின் ஆள் சொன்னபோதும் இறங்கவில்லை. பேச்சில்லாமல் அவரவர் பலகையை இழுத்தார்கள். பத்து மணிக்குத் தவசிமுத்து வந்தார். வழக்கம்போல வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்றினார். ஆறு தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஹாரனை அமுக்கினார். ஹாரன் அடிக்கவில்லை. அரை மைல் சுற்றளவுக்கு, பாத்தி பாத்தியாக, கையில் பலகை பிடித்த மேனிக்கு, முப்பத்திரண்டு பெண்களின் வாய் ஒன்றாகத் திறந்தது.

"வண்டிய வெளிய நிறுத்துங்க. பிள்ளைக தூங்குது."

மத்தியானம் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு சூசையின் கடைக்கு வந்து சேர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு தடவை அமுக்கிப் பார்த்தாராம், பதினோரு தடவையும் அதே பதில்தானாம். சூசை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பட்டனை அமுக்கினார். ஹாரன் கணீரென்று அடித்தது. தெருவில் இறக்கி அமுக்கினார், அடித்தது. கோயில் முக்கு வரைக்கும் ஓட்டிப்போய் அமுக்கிவிட்டு வந்தார், அங்கேயும் அடித்தது.

"எந்த எடத்துல வச்சு அமுக்குனீரு?"

"கொட்டகைக்குள்ள."

சூசை கையைத் துடைத்துக்கொண்டு சாவியை அவரிடம் நீட்டினார்.

"வண்டில ஒரு கோளாறும் இல்ல. கொட்டகைக்கு வெளிய வச்சு அமுக்கும், அடிக்கும்."

தவசிமுத்து சாவியை வாங்குமுன் குனிந்து ஹாரனை ஒருதரம் தடவிப் பார்த்தார். அப்புறம் வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை வண்டி கரைமேல் வெயிலில் நின்றது. கங்காணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பு வழியாக நடந்து வந்தார். அருள்கனி தன்னுடைய பழைய பாத்தியில், ஓரத்தில், பலகை இழுத்துக்கொண்டிருந்தாள். வா என்று அவளை யாரும் கூப்பிடவில்லை, ஏன் வந்தாய் என்று அவரும் கேட்கவில்லை. கொட்டகையில் ஏழாவது தொட்டிலில் ஜெனோவா உச்சி வெயில் வருகிற வரைக்கும் தூங்கிவிட்டுத் தானாக எழுந்தாள். பிறந்து இத்தனை நாளில் அந்தக் கொட்டகையில் அவள் தானாக எழுந்தது அன்றைக்குத்தான்.